சோகம் தேடி ஒரகடம் போனேன்

பாட்டு நிகழ்ச்சி நடத்தும் கம்பெனிகளில் பாடத் தெரிந்தவர்களைத் தேட ஓர் ஆள் இருப்பார். அழத் தெரிந்தவர்களைத் தேட இன்னோர் ஆள் இருப்பார். நான் அந்த இன்னோர் ஆள்.

என் விசிட்டிங் கார்டில் 'கன்டென்ட் அசோசியேட்' என்று போட்டிருந்தது. வீட்டில் யாருக்கும் புரியவில்லை. எனக்கே வேலையில் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, கொரியாக்காரர்கள் பாணியில் ஒரு பாட்டுக் குழு உருவாக்கப் போவதாக எங்கள் கம்பெனி அறிவித்திருந்தது. இந்தப் பக்கத்து லேடீஸ் ஹாஸ்டல்களில் கொரியப் பாட்டு ஓடாத அறை கிடையாது. ஆகவே யோசனை நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் மேலதிகாரி வினோத் சாருக்குப் பாட்டு மட்டும் போதாது. "நல்லாப் பாடுனா ரசிகன் லைக் போடுவான், வசந்தி. கஷ்டப்பட்டேன்னு சொன்னாத்தான் ஓட்டுப் போடுவான்" என்பார். நான் தண்டலத்துக்காரி, ஊர் தெரியும் என்பதால் கஷ்டம் கொண்டுவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உங்களுக்கும் ஒரு மேலதிகாரி இருப்பார். அதனால் நான் ஏன் மறுத்துப் பேசவில்லை என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

வரிசையில் நின்றவர்

ஒரகடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து ஞாயிற்றுக்கிழமை தேர்வு வைத்தோம். கூட்டம் சர்வீஸ் ரோடு வரைக்கும் நின்றது. ஷிப்ட் முடித்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்தவர்கள், தூக்கக் கலக்கத்தில் வந்தவர்கள், தோழிக்குத் துணையாக வந்துவிட்டுத் தானும் பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். வரிசையோரமாக நடந்து பேச்சுக் கொடுப்பது என் வேலை. நான் போவதற்குள் செய்தி போய்விட்டது: பாட்டு சுமாராக இருந்தால்கூடப் பரவாயில்லை, கதை நன்றாக இருக்க வேண்டும். ஆளாளுக்குப் பக்கத்தில் நிற்பவளிடம் கதையைச் சொல்லிப் பார்த்து, "இது போதுமாடி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பெண் என்னைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தாள். "எனக்கு அப்பா இல்லக்கா. சின்ன வயசுலயே தவறிட்டாரு." கண்ணில் நீர்கூட எட்டிப் பார்த்தது. வேலை சுலபமாக முடிந்தது என்று நான் நிமிர்ந்தால், அவளுக்குப் பக்கத்தில் டிபன் பையும் தண்ணீர் பாட்டிலுமாக ஒருவர் நிற்கிறார். அதே மூக்கு, அதே நெற்றி. நான் அவரைப் பார்த்தேன், அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவருக்குக் கோபமே வரவில்லை. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, மிகவும் பொறுப்பாகச் சொன்னார்: "நான் வேணா அந்தாண்ட போய் நின்னுக்குறேம்மா. செத்தவன் பக்கத்துலயே டிபன் பையோட நின்னா கேமராவுல நல்லா இருக்காது இல்ல?"

மாரித்தாயின் கண்ணீர்

மாரித்தாய் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். செல்போன் பாகங்கள் பொருத்தும் லைனில் வேலை. அவள் பாடியபோது மண்டபத்துச் சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து நின்றார். குரல் விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என் பகுதிதான் பாக்கி.

"அப்பா என்னம்மா பண்றாரு?" "தீப்பெட்டி ஆபீஸ்ல இருக்காக. நல்லாருக்காக." "அம்மா?" "அவுகளும் நல்லாருக்காக." "தம்பி, தங்கச்சி யாருக்காவது உடம்பு முடியாம...?" "தம்பி ஐடிஐ படிக்கான்க்கா. நல்லாச் சாப்பிடுவான்." "வேலையில கஷ்டம்?" "நின்னுக்கிட்டேதான் பாக்கணும், கால் வலிக்கும். பெறகு சரியாப் போயிரும்." எனக்கு வியர்த்துவிட்டது. கேமராவுக்குப் பின்னால் ஜோசப் அண்ணன் தோள் குலுங்கச் சிரிப்பது தெரிந்தது. அவர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர், கல்யாண வீடியோவில் தொடங்கி எங்கள் கம்பெனிக்கு வந்தவர். மணப்பெண் அழுகையை நிறையப் பார்த்துவிட்டதால் அவருக்கு என் வேலை மேல் மரியாதை கிடையாது.

கடைசி முயற்சியாக, "சரி மாரித்தாய், நீ கண்ணு கலங்குன ஒரு நாளைச் சொல்லு" என்றேன். அவள் மோவாயில் விரலை வைத்து உண்மையாகவே யோசித்தாள். எனக்கு உதவ வேண்டும் என்று அவ்வளவு ஆசை அவளுக்கு. பிறகு முகம் மலர்ந்து கேட்டாள்: "போன மாசம் ரூம்ல எல்லாரும் பேசிக்கிட்டு இருக்கையில சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணியா ஊத்துச்சுக்கா. அது சேருமா?"

மாடி வீட்டு ஏழை

இரண்டாவதாகத் தேர்வானவள் ஸ்டெல்லா. வடக்குப்பட்டுப் பெண், கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். ஒரகடம் வளர்ந்தபோது அவர்கள் வீடும் கூடவே வளர்ந்துவிட்டது. கீழே குடும்பம், மேலே வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வாடகை அறைகள். படமெடுக்கப் போன நாங்கள் வீட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டோம். வினோத் சாருக்குப் போன் போட்டேன். "மாடியா? ஃபிரேம்ல மாடி வேணாம். பின்னாடி போய்ப் பாரு, ஏதாவது இருக்கும்" என்றார். பின்னாடி ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. ஸ்டெல்லாவை அங்கே ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார வைத்து, தூரத்தைப் பார்க்கச் சொன்னோம். தூரத்தில் அவர்கள் மாடிதான் தெரிந்தது. கோணத்தை மாற்றினோம்.

இதற்குள் அவள் அம்மா வந்துவிட்டார். டிவிக்காரர்கள் வருகிறார்கள் என்று பட்டுப் புடவை கட்டி, ஹாலில் முறுக்கும் கேக்கும் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தவர். மகளை வாளி மேல் பார்த்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். பேச்சு நன்றாகவே வந்தது: "ஏம்மா, டைல்ஸ் போட்டு, பெயின்ட் அடிச்சு, வூடு நல்லாத்தானே கீது? அத வுட்டுட்டு மாட்டுக் கொட்டாய்ல குந்த வெச்சுக் கீறீங்க. இன்னா, பாடப் போறது எம் பொண்ணா, மாடா?"

ஊக்கு

சோகம் கிடைக்காத இடத்தில் சோகத்தைத் தயாரிக்கலாம் என்பது வினோத் சாரின் கொள்கை. மாரித்தாயின் செருப்பு வாரை எங்கள் உடையலங்காரப் பெண் அறுத்து, அதில் ஓர் ஊக்கைக் குத்தினாள். அந்தச் செருப்போடு மாரித்தாய் பஸ் நிறுத்தத்திலிருந்து ஹாஸ்டலுக்கு மெதுவாக நடக்க, பின்னால் வயலின். "நாம பொய் எதுவும் சொல்லல. ஊக்கைக் காட்டினோம், அவ்வளவுதான்" என்றார் சார்.

ஒளிபரப்பான வாரமே ஹாஸ்டல் வாசலில் பார்சல்கள் குவிந்தன. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, குதிகால் உயர்ந்த செருப்பு, யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பிய மழைக்கால பூட்ஸ். மாரித்தாய் எல்லாவற்றையும் ஹாலில் பரப்பி, அளவு பார்த்து, ஹாஸ்டலில் உள்ள அத்தனை பேருக்கும் கொடுத்தாள். தீபாவளி மாதிரி இருந்தது. வார்டன் அம்மாவும் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

எல்லாம் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருக்கும்போது கோவில்பட்டியிலிருந்து போன். மாரித்தாயின் அம்மா. போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாராம். "ஏம்மா, போன பொங்கலுக்குத்தான புள்ளைக்குப் புதுச் செருப்பு வாங்கிக் குடுத்தேன்? புள்ளைய இப்பிடியா விட்டு வச்சிருக்கீகன்னு ஊருக்குள்ள ஒரு ஆளு பாக்கியில்லாம கேக்காக. எங்க வீட்டுக்காரரு டீக்கடைப் பக்கம்கூடப் போகலை." எனக்கு முகம் சுருங்கிப் போனது. அந்த மனிதர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதை நினைக்கவே சங்கடமாக இருந்தது. ஊக்கு யோசனை யாருடையது என்று அந்த அம்மா கேட்டார். நான் மறைக்காமல் வினோத் சாரின் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் மாரித்தாயின் அப்பாவையும் அம்மாவையும் கோவில்பட்டி வீட்டு வாசலில் நிற்க வைத்து, மகளுக்கு அவர்கள் வாங்கிக் கொடுத்ததையெல்லாம் பெருமையாகக் காட்டி ஒரு படம் வெளியானது. சார் தானாக எடுத்த முடிவு என்றார்கள். என்னிடம் அவர் சொன்னது வேறு: "அந்தம்மா ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசல, வசந்தி. ஆனா இனிமே என் சர்வீஸ்ல யார் செருப்பையும் தொட மாட்டேன்."

வல்லக்கோட்டையில் கேட்டது

மூன்றாவது பெண் கௌசல்யா. பரமக்குடிப் பக்கம் ஊர், கண்ணாடித் தொழிற்சாலையில் பேக்கிங். மூவரில் அவள்தான் சிறந்த பாடகி, பேச்சுதான் குறைவு. அவளிடம் நான் கேள்வி கேட்டபோதெல்லாம் "ஒண்ணும் இல்லக்கா" என்ற ஒரே பதில்தான். நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் படமெடுத்தோம். முடிந்ததும் மற்றவர்கள் சாமான்களை வண்டியில் ஏற்ற, நாங்கள் இருவரும் ஓரமாக உட்கார்ந்து பிரசாதம் சாப்பிட்டோம். முதல் மேடை நிகழ்ச்சிக்கு அம்மா ஊரிலிருந்து வருவதாகச் சொன்னாள். அப்படியே அவளாகவே பேச ஆரம்பித்தாள். அவள் பள்ளியில் படிக்கும்போது அப்பா வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார். அம்மா ஊரில், அவர் துபாய்க்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் தானே ஒரு சேலை வாங்கி, "அவுக அனுப்புனது" என்று கட்டிக்கொள்கிறார். "ஊருக்கும் பாதி தெரிஞ்சிருக்கும்க்கா. ஆனா யாரும் கேக்க மாட்டாக. எங்கம்மா தல நிமிந்து நடக்குறதே அந்தச் சேலையிலதான்" என்றாள் கௌசல்யா. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேலை ஞாபகமே வரவில்லை.

வேலைக்கு என் ஞாபகம் இருந்தது. அவள் சட்டையில் குத்தியிருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. அன்று எடுத்த எல்லாவற்றோடும் அந்தப் பேச்சும் ஆபீசுக்குப் போய்விட்டது. மறுநாள் வினோத் சார் லாட்டரி விழுந்தவர் குரலில் பேசினார். முதல் மேடையில் அவரே மைக் பிடித்து அப்பாவைப் பற்றிக் கேட்பாராம். அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்து, அவர் முகத்துக்கென்று தனியாக ஒரு கேமராவாம். "சார், அது எங்கிட்ட சொன்னது. கேமராவுக்குச் சொன்னது இல்ல" என்றேன். "மைக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாதே" என்று போனை வைத்துவிட்டார்.

நேராக ஒத்திகை நடக்கும் இடத்துக்குப் போய் மூன்று பேரிடமும் நடந்ததைச் சொன்னேன். கௌசல்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் பாடலக்கா. பேக்கிங்குக்கே போயிடுறேன்" என்றாள். ஸ்டெல்லா வினோத் சாரைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. தேவாலயத்தில் பாடுகிற பெண் எங்கே கற்றுக்கொண்டாள் என்று இன்றுவரை ஆச்சரியம். மாரித்தாய் மட்டும் மோவாயில் விரலை வைத்து யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏக்கா, அந்த சாரு எல்லாருட்டயும் கஷ்டத்தக் கேக்காரு. அவருட்ட யாராச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்காகளா?"

மேடை

ஒரகடத்தில் ஒரு மைதானம். பொழுது சாயும் நேரம். ஷிப்ட் பஸ்களிலிருந்து இறங்கி, கழுத்தில் அடையாள அட்டை ஆட ஆட ஓடி வந்த பெண்கள்தான் பாதிக் கூட்டம். முன்வரிசையில் கௌசல்யாவின் அம்மா மாம்பழ நிறச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "துபாய்ச் சேலைம்மா. அவுக அனுப்புனாக" என்று என்னிடம் முந்தானையைத் தொட்டுக் காட்டினார். நல்லா இருக்கும்மா என்றேன்.

மாரித்தாய் தைரியம் சொன்னதால் கௌசல்யாவும் மேடையேறியிருந்தாள். முதல் பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கும்போது வினோத் சார் மேடையேறினார். வயலின்காரர் வில்லைத் தூக்கிவிட்டார். "பாட்டு கேட்டீங்க. இப்ப இந்தப் பொண்ணுங்க தாண்டி வந்த வலியைக் கேட்கப் போறீங்க. கௌசல்யா..." என்று ஆரம்பிப்பதற்குள் மாரித்தாய் முன்னால் வந்துவிட்டாள்.

"சார், எங்க கஷ்டத்தயெல்லாம் நீங்க கேட்டுட்டீக. உங்களுட்ட ஒண்ணு கேக்கலாமா?"

கூட்டம் உற்சாகமாகக் கத்தியது. வேறு வழியில்லாமல் சார் சிரித்தார். "கேளும்மா."

"சாப்பிட்டீகளா சார்?"

அவர் வாட்சைப் பார்த்தார். "காலையில இருந்து... இல்லம்மா" என்றார். முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் "அய்யோ" என்றார்கள். ஸ்டெல்லா விடவில்லை. "கடைசியா வூட்டுக்கு எப்ப சார் போனீங்க?" சாருக்குச் செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமம். அது எங்களுக்கே அன்றுதான் தெரியும். போகவே முடியவில்லை என்றார். வியாழக்கிழமை ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற விவரம் வரும், குறைந்தால் மேலே இருப்பவர்கள் பிடித்து உலுக்குவார்கள் என்றார். "எங்கம்மா போன் பண்ணாக்கூட மீட்டிங்ல இருக்கேன்னு வெச்சிடுறேன்" என்றவர் அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டார். நிஜமான அழுகை. வயலின்காரர் பழக்கதோஷத்தில் வாசிக்க ஆரம்பித்தார். ஜோசப் அண்ணன் அதே தோஷத்தில் கேமராவை சார் முகத்துக்கு அருகே கொண்டு போனார்.

ஆனால் சார் கெட்டிக்காரர். முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைக்கோடு மறுபடி கௌசல்யா பக்கம் திரும்பினார். அவள் விறைத்துப் போய் நின்றாள். அப்போது முன்வரிசையிலிருந்து மாம்பழ நிறச் சேலை எழுந்தது. கௌசல்யாவின் அம்மா தண்ணீர் பாட்டிலோடு மேடைப் படி ஏறி, சாரின் கையில் அதைத் திணித்து, முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் சொன்னது மைக்கில் விழுந்து மைதானம் முழுக்கக் கேட்டது: "அழுகாதீக தம்பி. எங்க வீட்டுக்காரவுகளும் துபாய்ல கெடந்துதான் கஷ்டப்படுறாக. வருசக்கணக்கா ஊருக்கு வர முடியல. நாங்க சமாளிக்கலையா?"

கேட்காத கேள்வி

வினோத் சார் அந்த அம்மாவைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். கௌசல்யாவைப் பார்த்தார். பாட்டிலைத் திறந்து மெதுவாக, முழுவதும் குடித்தார். அவருக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. மைக்கை வாய்க்கருகே கொண்டு போய், "சரிங்கம்மா. சமாளிச்சுடலாம்" என்றார். பிறகு மூன்று பெண்களையும் பார்த்து, "பாடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு கௌசல்யா பாடியதை நான் சொல்லிப் புரிய வைக்க முடியாது. அப்படி ஒரு குரல் அவளுக்குள் இருந்தது எங்களுக்கே தெரியாது. ஸ்டெல்லாவும் மாரித்தாயும் சேர்ந்துகொள்ள, கூட்டம் மொத்தமும் எழுந்து ஆடியது. ஷிப்ட் பஸ் டிரைவர்கள் கிளம்ப நேரமாகிவிட்டது என்று ஹாரன் அடித்து, கொஞ்ச நேரத்தில் தாளத்துக்கே அடிக்க ஆரம்பித்தார்கள். ஸ்டெல்லாவின் அம்மா நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தார். கௌசல்யாவின் அம்மா ஆடவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எம் மகதான்" என்றார்.

மேடைக்குப் பின்னால் வினோத் சார் ஒரு பொட்டலத் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், வல்லக்கோட்டைப் பேச்சு இருக்கும் பதிவை என் முன்னாலேயே அழித்துவிடும்படி எடிட்டருக்குப் போன் செய்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைத் தவிர்க்கிற மாதிரி சாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாத்தாலே தெரியுது வசந்தி, அசல் துபாய்ச் சேலை."

புதிய நட்சத்திரம்

இத்தோடு கம்பெனி திருந்திவிட்டது என்று நினைத்தால் நீங்கள் எந்தக் கம்பெனியிலும் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். சார் மேடையில் அழுத காட்சிதான் எங்கள் நிகழ்ச்சியிலேயே அதிகம் பேர் பார்த்தது. மேலே இருப்பவர்கள் அவரைக் கூப்பிட்டுப் பாராட்டி, வாரம் ஒருமுறை அப்படியே செய்யச் சொன்னார்கள். போஸ்டரில் மூன்று பெண்களும் பல் தெரியச் சிரிக்க, நடுவில் சார் ஈரக் கண்ணோடு நின்றார். பெண்கள் வாராவாரம் கோயில் திருவிழா, கல்லூரி விழா, தொழிற்சாலை ஆண்டு விழா என்று பாடிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் அவர்களிடம் கஷ்டத்தைக் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. ரசிகர்கள் பாட்டைத்தான் கேட்கிறார்கள்.

சார் அடுத்து வந்த பொங்கலுக்குச் செய்யாறு போனார். அம்மா கையால் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, முகம் தெளிந்து, கொஞ்சம் தொப்பையோடு திரும்பி வந்தார். வந்த அன்றே படப்பிடிப்பு. கேமரா முன் உட்கார்ந்தவர் வெகுநேரம் முயன்று பார்த்தார். ஜோசப் அண்ணன் காத்திருந்து காத்திருந்து டீக்குப் போய்விட்டார். கடைசியில் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "இந்த வாரம் ரொம்ப சந்தோஷமா இருக்கேன், வசந்தி. இப்ப நான் எதை நெனச்சு அழறது?"

ஊர் ஊராக மற்றவர்களின் அழுகையைத் தேடி அலைந்த இந்த வேலையில் நான் சிரித்ததுதான் அதிகம் என்பதைக் கம்பெனிக்கு இன்னும் சொல்லவில்லை. தெரிந்தால் அதையும் படமெடுக்க ஆள் அனுப்பிவிடுவார்கள்.